ஏத்துக்கணுமாம்!

ஞாயித்துக்கிழமை மண்டபத்துல ஆன்மிகச் சொற்பொழிவு நடந்தது கூடலூர், கம்பம் ஆளுங்களுக்குத் தெரியும். திரும்ப விளக்கப் போறதில்லை. "சந்தோஷம் நிக்காது, துன்பம் கூடவே பொறந்தது, ஏத்துக்கிட்டா வலிக்காது"ன்னு சொல்லிட்டு, பேச வந்த ஐயா ஏசி கார்ல ஏறிட்டார். கேட்டவங்கள்ல பாதிப்பேர் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போற பொம்பளைங்க. தலையாட்டுனாங்க. அதான் எனக்குப் பொறுக்கல.

சந்தோஷம் நிக்காது, சரி. தமிழ்நாட்டுல 2003ல லாட்டரியை நிறுத்துனதுலேருந்து நம்மாளுங்க மலையேறி, கேரளா பக்கம் இருக்குற குமுளிக்குப் போய்த்தானே சீட்டு வாங்குறாங்க. சின்னப் பரிசு விழுந்தா அன்னைக்கு வீடே புரோட்டா தின்னும். மறுவாரம் அதே கடன், அதே மூஞ்சி. ஐயாவும் ஒரு லாட்டரி ஆராய்ச்சியைச் சொன்னார். 1978ல அமெரிக்காவுல வந்தது. பெரிய பரிசு விழுந்த 22 பேர், மத்தவங்களைவிடப் பெருசா ஒண்ணும் சந்தோஷமா இல்லையாம். ஒரே கைதட்டல்!

மிச்சத்தை ஏன் சாமி முழுங்கிட்டீங்க? அதே ஆராய்ச்சியில விபத்துல கைகால் விழுந்துபோன 29 பேரும் இருக்காங்க. இப்ப எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்கன்னு கேட்டதுக்கு, அஞ்சுக்கு மத்தவங்க 3.82, இவங்க 2.96. பரிசு பழகிப்போச்சு, வலி பழகலையே! "ஏத்துக்கிட்டா வலிக்காது"ங்கிறதை அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.

புத்தரையும் இழுத்தார். துன்பம் இருக்குன்னு சொன்னதோட புத்தர் துண்டை உதறிட்டுக் கிளம்பிட்டாரா? அதுக்குக் காரணம் இருக்கு, அதைத் தீர்க்கலாம், தீர்க்க வழியும் இருக்குன்னு இன்னும் மூணு சொன்னாரே.

"அந்தக் காரணம் ஆசைதானே"ன்னு கமென்ட்ல ஒருத்தர் வருவார். வாங்க. எங்கம்மாவுக்கு என்ன பெரிய ஆசை? விடியுமுன்னே ஜீப்புல புளிமூட்டையா அடைஞ்சு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும். மழையில பிளாஸ்டிக் தாளைப் போத்திக்கிட்டு, செடியடியில குத்தவச்சு காய் எடுக்கும். எங்களைப் படிக்கவைக்கணும்னு நினைச்சது ஆசைன்னா, ஆமா, ஆசைதான். அந்த முட்டிவலி கூடப் பொறந்ததில்ல. ஈரத்துல உக்காந்து உக்காந்து வந்தது. கூலி பேசுனா, ஜீப்புல இத்தனை பேர்தான்னு கறாரா நின்னா, பாதி குறைஞ்சிருக்கும்.

சாவுக்கு என்ன பண்ணுவன்னு கேக்காதீங்க. சாவைப் பத்தி நான் பேசவே இல்ல.

"அவர் நல்லதுக்குத்தான் சொன்னாரு"ம்பீங்க. எங்கம்மாவும் அதான் சொன்னுச்சு. முட்டியில தைலம் தேச்சுக்கிட்டே, "நல்லாத்தானடா பேசுனாரு, மனசுக்கு எதமா இருந்துச்சு"ன்னு. நான் என்னத்தச் சொல்ல? எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

அடுத்த மாசமும் அவர்தான் வர்றாராம். கமிட்டிக்காரங்க வசூலுக்கு எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க.