ஆணி அடித்ததற்கு ஆதாரமே இல்லையா?

'சிலுவை மரணம் ரோமர்களின் கண்டுபிடிப்பு. அவர்களும் கயிற்றால்தான் கட்டினார்கள், ஆணி அடித்ததற்குத் தொல்லியல் ஆதாரமே கிடையாது' என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ரோமர்களுக்கு முன்பே பாரசீகர்களும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தாரும் ஆட்களை மரத்தில் ஏற்றிக் கொன்றிருக்கிறார்கள். கி.மு. 332இல், இன்றைய லெபனானில் உள்ள தீர் (Tyre) நகரைப் பிடித்த அலெக்சாண்டர், கடற்கரை நெடுக 2,000 பேரை இப்படிக் கொன்றதாகப் பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. ரோமர்கள் அதைப் பெரிய அளவில் செய்தார்கள், அவ்வளவுதான்.

சரி, ஆணி? 1968இல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறையில் எலும்புகள் வைத்த கல்பெட்டி கிடைத்தது. மேலே யெகோகனான் என்ற பெயர். உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதன் பக்கவாட்டில் பாய்ந்து நின்ற இரும்பு ஆணி. நீளம் சுமார் 11.5 செ.மீ. அதன் நுனி கொக்கிபோல வளைந்திருந்தது. மரத்தின் கணுவில் முட்டி வளைந்திருக்க வேண்டும். அதனால்தான் பிடுங்க முடியாமல் காலோடு சேர்த்தே புதைத்திருக்கிறார்கள். வளையாமல் இருந்திருந்தால் இந்தச் சாட்சியும் நமக்குக் கிடைத்திருக்காது!

அப்புறம் 2017இல் இங்கிலாந்தின் ஃபென்ஸ்டான்டன் கிராமத்திலும் ஆணி பாய்ந்த குதிகாலுடன் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது.

கயிற்றால் கட்டிய வழக்கமும் இருந்தது உண்மைதான். ஆனால் கயிறு எலும்பில் தடம் விடாது. தண்டனை பெற்ற பலருக்கு முறையான அடக்கமும் கிடைக்கவில்லை. சான்றுகள் அரிதாக இருப்பது அதனால்தான்.