அடிக்கவில்லைதானே என்று கேட்பவர்களுக்கு

நம் டர்பன் சாட்ஸ்வர்த் பையன் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை, இரண்டு வாரமாக நம் வாட்சப் குழுக்களில் அதுதான் ஓடுகிறது. தைப்பூசத்துக்கு மொட்டை போட்ட பிள்ளையை ஒரு டீச்சர் தினமும் வகுப்பு முன்னால் நிறுத்திக் கேலி பேசியிருக்கிறார். இப்போது பள்ளிக்கூடம் என்றாலே அழுகிறான். அவன் அம்மா எழுத்தில் புகார் கொடுத்தார், நம் ஆட்களுக்குக் கோபம் வந்தது அந்த அம்மா மேல்! "அடிக்கவில்லைதானே?"

அடித்தால்தான் குற்றமா? இங்கே தென்னாப்பிரிக்காவில் பள்ளியில் அடிப்பதை 1996 பள்ளிகள் சட்டமே தடை செய்துவிட்டது. மனதை நோகடிப்பதும் தப்புதான். பிள்ளையை இழிவுபடுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. ஆசிரியர்கள் பதிவு செய்யும் மன்றமான சேஸின் நடத்தை விதியில், உடலாலும் மனதாலும் எந்தத் துன்புறுத்தலும் கூடாது என்றே இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கலாம். 2011 துன்புறுத்தல் பாதுகாப்புச் சட்டப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், பிள்ளையே போய்க்கூடக் கேட்கலாம். எடுத்தவுடன் கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. முதலில் தலைமையாசிரியர், அப்புறம் பள்ளி நிர்வாகக் குழு, கல்வித் துறை. ஆனால் எல்லாம் எழுத்தில்.

ஏன் எழுத்தில் என்கிறேன் என்றால், நான் எழுதாமல் விட்டவள். என் மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது அவள் டீச்சர் அவளை "மந்தம்" என்றே கூப்பிட்டார், பிள்ளைகளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். தினமும் காலையில் வயிற்றுவலி என்பாள், நான் ஓமத் தண்ணீர் கொடுத்து அனுப்பி வைத்தேன். ஒரு வருஷம் கழித்துத்தான் தலைமையாசிரியரிடம் போனேன். எந்தத் தேதி, யார் பார்த்தார்கள் என்று கேட்டார், என்னிடம் ஒன்றுமில்லை. அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது, இன்றும் வகுப்பில் கை தூக்க மாட்டாள்.

"மாதா பிதா குரு தெய்வம்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, குருவுக்கு மரியாதை கொடுக்க எனக்கும் தெரியும், பிள்ளையைக் கேலி செய்கிறவரைக் குரு என்று சொல்ல என்னால் முடியாது. "கண்ணை விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று நம்மைப் பள்ளியில் விட்டுப் போனார்கள், நாம் நல்லா வரலையா என்கிறீர்கள். நல்லா வந்தோமா? அந்த அம்மாவை நேற்று நீங்கள் பேசிய பேச்சை ஒருமுறை திரும்பப் படியுங்கள். டீச்சர்களுக்கும் வேலைச்சுமை, நாற்பது பிள்ளைகள் என்கிறார்கள். சரி, அதற்கும் மொட்டைத் தலைக்கும் என்ன சம்பந்தம்?

மூக்குத்தி வழக்கை மறந்துவிட்டீர்களா? இதே டர்பனில் ஒரு பெண் மூக்குத்தியோடு வரக்கூடாது என்றது பள்ளி. அவள் அம்மா சமத்துவ நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றார், விடாமல் மேலே போனார். 2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில், அப்போதைய தலைமை நீதிபதி பியுஸ் லங்கா எழுதிய தீர்ப்பில் வென்றார். அதற்குள் மகள் பள்ளியை விட்டே போயிருந்தாள், ஆனாலும் இன்று நம் பிள்ளைகளுக்கு அந்தத் தீர்ப்பு இருக்கிறது. அன்றைக்கு அந்த அம்மாவிடமும் நம்மில் யாராவது "எதுக்கும்மா வம்பு" என்று கேட்டிருப்போம், அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை.

பையனின் அம்மா வியாழக்கிழமை நிர்வாகக் குழுவைப் பார்க்கப் போகிறார். தேதி போட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நான் கூடப் போகிறேன். வருகிறவர்கள் இன்று இரவுக்குள் எனக்கு மெசேஜ் போடுங்கள்.