கராத்தே பொறந்த ஊரு ஒகினாவா, அத முதல்ல சொல்லிக் குடுங்க

எங்க ஏரியால புதுசா ஒரு கராத்தே கிளாஸ் ஆரம்பிச்சிருக்காங்க, போர்டுல "சாமுராய்களின் போர்க்கலை"ன்னு பெருசா எழுதியிருக்கு. பல வருஷமா கோஜு ரியுங்கற கராத்தே பாணிய பண்ணிட்டு வர்றவன், பாத்துட்டு சும்மா போக மனசு வரல.

கராத்தே ஒகினாவாவோட சொத்துங்க. அந்தத் தீவு அப்ப ஜப்பானே கெடையாது, ரியூக்யூன்னு தனி ராஜ்ஜியம். 1609ல ஜப்பானோட சட்சுமா பகுதி சாமுராய் படை வந்து அந்த ராஜ்ஜியத்த அடக்குச்சு, 1879ல ஜப்பான் அத மொத்தமா தன்னோட மாகாணமாவே சேத்துக்கிச்சு. நாட்டப் புடிச்சவன் பேர்லயே அந்த மக்களோட கலையையும் எழுதி வெச்சா எப்படி? விவசாயிங்க ராத்திரில ஒளிஞ்சு ஒளிஞ்சு கத்துக்கிட்டதுன்னு இன்னொரு கதை சுத்துது, அதுவும் சரியில்ல. பேர் தெரிஞ்ச பழைய மாஸ்டர்ங்க நெறைய பேரு அரண்மனை சேவகத்துல இருந்த குடும்பத்துக்காரங்க, மட்சுமுரா சோகோன் ராஜாவுக்கே மெய்க்காவலரா இருந்தவரு.

அந்தச் சின்ன தீவுக்குள்ளயே ஷுரி, நாஹா, தொமாரின்னு ஊருக்கு ஒரு கை, அதாவது ஒரு பாணி. இன்னிக்கு மூணும் நாஹா சிட்டிக்குள்ளயே அடங்கிடுச்சு, அவ்ளோ பக்கம், ஆனா ஆட்டம் வேற வேற. ஷுரி அரண்மனை ஊரு, அங்க வேகம், நேர் பஞ்ச், சட்டுன்னு உள்ள போய் வெளிய வர்றது. நாஹா துறைமுகம், சீனாக்காரங்க வந்து போற எடம், அங்க மூச்சும் வேர் விட்ட மாதிரி நிக்கறதும்தான் எல்லாம். ஹிகாஒன்னா கன்ரியோ சீனால ஃபுசோ வரைக்கும் போய் கத்துட்டு வந்தாரு, அவர் சிஷ்யர் மியாகி சோஜுன்தான் எங்க கோஜு ரியுவ உண்டாக்குனவரு. கட்டான்னா வரிசையா கோத்த அசைவுகள தனியா செஞ்சு பழகறது. அதுல சான்சின் கட்டாவ நாங்க மூடுன முஷ்டில பண்றோம், அதே ஃபுசோல கத்த இன்னொருத்தர், உவேச்சி கன்புன், அவர் வழில வந்தவங்க விரல விரிச்சு பண்றாங்க. முதல்ல பாத்தப்ப எது சரின்னு சண்டையே போட்டேன், இப்ப ரெண்டையும் பாக்க பாக்க ஆசையா இருக்கு.

ஷுரி பக்கம் இடோசு அங்கோ பள்ளிக்கூடப் பசங்களுக்காக எளிமையாக்கி பின்னான் அஞ்சு கட்டாவ வெச்சாரு. ஃபுனாகோஷி 1922ல டோக்கியோல டெமோ காட்டுனாரு, அங்க போனப்புறம் அவரோட பாணியான ஷோடோகான்ல ஸ்டான்ஸ் நீண்டு தாழ்ந்து போச்சு. வெள்ளை டிரஸ், பெல்ட் எல்லாம் ஜூடோல இருந்து வந்தது.

எனக்கு ரொம்ப வலிக்கறது பேர் மாத்துன கததான். கராத்தேங்கற பேர முன்னாடி எழுதுன எழுத்துக்கு "சீனக் கை"ன்னு அர்த்தம். "கரா"ன்னே படிக்கற வேற எழுத்து போட்டா "வெறுங்கை". 1936 அக்டோபர் 25, நாஹாலயே மாஸ்டர்ங்க கூடி வெறுங்கைய ஏத்துக்கிட்டாங்க. ஜப்பான் சீனாவோட முழு யுத்தத்துல எறங்க ஒரு வருஷம் கூட இல்லாத நேரம் அது, சீனாங்கற சொல்லோட ஒரு கலை அங்க தல நிமிந்து நிக்க முடியுமா. அர்த்தம் அழகுதான், ஆனா அதுல ஒகினாவாவோட பாதி வரலாறு மறைஞ்சு போச்சு.

போதிதர்மர் பேரச் சொல்லி கராத்தே நம்மளுதுங்கறதயும் நான் ஏத்துக்கல. அவர் பேர்ல சொல்ற பயிற்சி நூலே 17ம் நூற்றாண்டுலதான் வருது, அவருக்கு ஆயிரம் வருஷம் கழிச்சு.

2021ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல கியுனா ரியோ கட்டாவுல தங்கம் வாங்குனாரு, ஒகினாவா மண்ணுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். அம்மா போட்டோவ கைல வெச்சுட்டு மேடைல நின்னாரு. அந்த வீடியோவ நான் புதுசா சேர்ற ஒவ்வொரு பையனுக்கும் போட்டுக் காட்டுறேன், அப்புறம் மேப்ப எடுத்து ஒகினாவா எங்க இருக்குன்னு தேடச் சொல்றேன்.