கெட்டது மொழியால் இல்லை, ஒத்திகை இல்லாததால்

அந்த 40 நொடி வீடியோவை நேற்றிலிருந்து எத்தனை பேர்தான் பகிர்வீர்கள்? அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஜெர்மன் வம்சாவளிப் பாட்டுச் சங்கமும் உள்ளூர்க் குழுவும் அங்கே ஒரு தேவாலயத்தில் சேர்ந்து பாட ஆரம்பித்து, இரண்டாவது வரியிலேயே சுருதி பிரிந்துவிட்டது. உடனே "ஜெர்மன் தெரியாத கிழவர்கள் பியர் குடிக்கப் போன டூர்" என்று கமெண்ட். எழுதியவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள் என்பதுதான் அதிகம் வலிக்கிறது.

பாட்டு கெட்டது மொழியால் இல்லை. சேர்ந்து ஒத்திகை பார்க்காததால்.

ஜெர்மன் இசையமைப்பாளர் சில்கர் இசையமைத்த ஒரே பாட்டு பல பதிப்புகளில் கிடைக்கும். ஒன்று ஜி மேஜர் என்ற சுருதியில் இருக்கும், இன்னொன்று அரைச்சுரம் மேலே. சில பதிப்புகளில் இரண்டாம் டெனரின், அதாவது மேல்குரல் பாடும் ஆண்களில் இரண்டாம் பிரிவின், வரியே வேறு. ஒரு குழு இரண்டு சரணம் பாடிப் பழகியிருக்கும், மற்றது மூன்று. ஆளுக்கொரு பதிப்பை மனப்பாடம் செய்துவிட்டு மேடையில்தான் முதல்முறை சந்தித்தால் வேறென்ன நடக்கும்?

பதிப்பகம், பதிப்பு எண், சுருதி, எத்தனை சரணம் என்பதை மூன்று மாதம் முன்பே இரு பக்கமும் எழுதிப் பேசிவிட வேண்டும். "ஒரு பிரதி எடுத்து அனுப்பினால் போதாதா?" என்பீர்கள். காப்புரிமை உள்ள இசைக்குறிப்புத் தாளை அனுமதியில்லாமல் நகலெடுக்க ஜெர்மன் சட்டம் விடாது. சில்கர் 1860-இல் இறந்தவர், அவருடைய இசைக்குத் தடையில்லை. ஆனால் இன்று உயிரோடு இருப்பவர் செய்த புது நான்குகுரல் அமைப்பு அப்படியில்லை, ஆளுக்கொன்று காசு கொடுத்து வாங்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் "அவரவர் தாளிலேயே பாடிக்கொள்ளலாம்" என்று முடிவெடுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நிற்கிற விதமும் முக்கியம். வீடியோவில் பாருங்கள், இடப்பக்கம் விருந்தாளிகள், வலப்பக்கம் உள்ளூர்க்காரர்கள். அப்படி நின்றால் அவரவர் குழுவின் குரல்தான் காதில் விழும். இரண்டு குழுவின் முதல் டெனர்களும் ஒன்றாக, கீழ்க்குரல் பாடும் பாஸ்கள் ஒன்றாக, கலந்து நிற்க வேண்டும். கல் கட்டடத்தில் ஓசை சில நொடி சுற்றிக்கொண்டே இருக்கும், கொலோன் பேராலயத்தில் சுமார் 13 நொடி. அங்கெல்லாம் காதை நம்பாமல் பாட்டை நடத்துகிறவரின் கையைப் பார்த்துப் பாட வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டும். சொல்லின் கடைசி 'ட்' எல்லார் வாயிலிருந்தும் ஒரே கணத்தில் விழாவிட்டால் ஆலங்கட்டி மழை மாதிரி சிதறும்.

இதற்கெல்லாம் கூட்டு ஒத்திகை குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். டூர் கம்பெனி அட்டவணையில் கோட்டைக்கும் படகுக்கும் இடம் இருக்கும், ஒத்திகைக்கு அரைமணி இருந்தால் அதிகம். நியூயார்க்கிலிருந்து போனால் ஆறு மணி நேரம் வித்தியாசம். ராத்திரி முழுக்க விமானத்தின் வறண்ட காற்றில் இருந்துவிட்டு அன்று மாலையே பாடினால் எந்தத் தொண்டையும் ஒத்துழைக்காது.

வயதைச் சொல்கிறீர்கள். அதில் நியாயம் உண்டு, முதல் டெனர் மெலிந்துவிட்ட சங்கங்கள் நிறைய. அரைச்சுரம் இறக்கிக்கொண்டால் சமாளிக்கலாம். ஆனால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். திரும்பவும் ஒத்திகைதான். பியர் குடித்தார்களா? குடித்தார்கள். கச்சேரி முடிந்து உபசரித்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, மேஜையிலேயே இன்னொரு முறை பாடுவதும் இந்தப் பயணத்தின் பாதி.

"மொழி தெரியாதவர்கள் ஏன் பாட வேண்டும்?" இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அமெரிக்காவுக்குப் போன ஜெர்மானியர்கள் பிலடெல்பியாவில் 1835-லேயே ஆண்கள் பாட்டுச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். 1849-இல் சின்சினாட்டியில் பல ஊர்ச் சங்கங்கள் கூடிப் பெருவிழா நடத்தினார்கள். 1892-இல் நியூயார்க்கின் ஏரியன் பாட்டுச் சங்கம், இசை நடத்துகிறவரான வான் டெர் ஸ்டுக்கன் தலைமையில் ஐரோப்பாவுக்கே போய்க் கச்சேரி செய்தது. அப்புறம் முதல் உலகப்போர் வந்தது. பொது இடத்தில், பள்ளியில், வழிபாட்டில், தொலைபேசியில்கூட ஆங்கிலம் தவிர எதுவும் பேசக்கூடாது என்று 1918-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநில ஆளுநர் ஆணை போட்டார். பயந்துபோய் எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளோடு ஜெர்மன் பேசுவதையே விட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் பேரன்மார் இன்று உதட்டை 'ஊ'வுக்குக் குவித்து, நாக்கை 'ஈ'யில் வைத்து, ஜெர்மனின் 'ü' என்ற அந்த ஒரு உயிரெழுத்தை வாராவாரம் பழகுகிறார்கள். அதைப் பார்த்தா சிரிப்பு வருகிறது?

நியூஜெர்சியில் நம் பிள்ளைகள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடவில்லையா? 'ழ' வராத குழந்தைக்கு மேடையில் கை தட்டுகிறோமே. அந்தக் கைதட்டலை இவர்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

அடுத்த கோடையில் போகும் பாட்டுச் சங்கத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், பதிப்பு விவரத்தை இப்போதே கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேர ஒத்திகையை அட்டவணையில் போட்ட பிறகே மீதிப் பணத்தைக் கட்டச் சொல்லுங்கள்.