மாணிக்கம் ஏன் பிடிபடவில்லை?

“கதை முடிந்துவிட்டது, தங்கச்சி, ஆனால் மாணிக்கம் கடைசிவரை பிடிபடவில்லை. வாசகனை இப்படியா ஏமாற்றுவது?”

“எந்த மாணிக்கம், அண்ணாச்சி? அந்த நாவலில் கொலை செய்தவர் மரக்கடைக் கணக்குப்பிள்ளை. கடைசி அத்தியாயத்தில் அவரைக் கைது செய்கிறார்களே.”

“கணக்குப்பிள்ளையை நான் நாற்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். நான் கேட்பது ஆரியங்காவு மாணிக்கத்தைப் பற்றி. 212 பக்கங்களிலும் வருகிறார்; ஒரு வார்த்தை பேசுவதில்லை. கிணற்றிலிருந்து பிணத்தைத் தூக்கும் பக்கத்தில்கூட அடியில் பேசாமல் நிற்கிறார். துப்பறியும் கதை படித்துப் பழகியவனுக்கு இப்படி நிற்கிற ஆளைப் பார்த்ததும் சந்தேகம் வருமா, வராதா?”

“கைப்பேசியைக் கொஞ்சம் கொடுங்கள்.”

(செங்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகில், ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் இருந்துகொண்டு குற்றக்கதை மின்னூல்களை மட்டும் வெளியிடும் பெண்மணி அவர். ஆதார் அட்டை நகலுக்காக வரிசையில் நின்றிருந்த நானும் எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற சாம்பல் நிற எழுத்தில், ‘இப்பிரதி ஆரியங்காவு மாணிக்கம் அவர்களுக்கு உரியது’ என்று இருந்தது.)

“அண்ணாச்சி, இவர் கதாபாத்திரம் அல்லர், இந்தப் புத்தகத்தைப் பணம் கொடுத்து வாங்கியவர். நேரடியாக எங்களிடம் வாங்குகிறவர்களுக்கு நாங்கள் பிறருக்கு நகலெடுத்துக் கொடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட கோப்பைக் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, வாங்கியவரின் பெயரை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதித்துக் கொடுக்கிறோம். தம் பெயரைப் பார்த்தாவது பிறருக்கு அனுப்பக் கூசுவார்கள் என்று ஒரு நம்பிக்கை.”

“மின்னூலைப் பணம் கொடுத்து வாங்கினாரா? அப்படியானால் எனக்குச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.”

“உங்களுக்கு இது எப்படி வந்தது?”

“புனலூரில் இருக்கும் என் மருமகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவருக்கு அவருடைய அலுவலக நண்பர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். அந்த நண்பருக்குத் தென்மலைக் குழு ஒன்றிலிருந்து வந்ததாம்.”

“கேரள எல்லையில், புளியரைச் சோதனைச் சாவடியில் வைக்கோல் லாரியைக்கூட நிறுத்திச் சீட்டுக் கேட்கிறார்கள். என் புத்தகம் மட்டும் எந்தச் சீட்டும் இல்லாமல் மலையைத் தாண்டிப் போய், ஊரெல்லாம் சுற்றிவிட்டு, புறப்பட்ட வாசலுக்கே வந்து நின்று என்னிடம் குறையும் சொல்கிறது.”

“அந்தப் பக்கத்தை நாங்கள் அயலாக நினைப்பதில்லை, தங்கச்சி. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்ப் பக்கத்து ஊர்தானே?”

“ஊர்தான் கைமாறியது, அண்ணாச்சி, அதற்கு நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டார்கள்.”

“நான் சொல்வதையும் கேளுங்கள். மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்தில், செங்கோட்டையில் ஒரு மாத நாவலை வாங்கிக்கொண்டு ஏறினால், பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டுவதற்குள் கொலையாளி யார் என்று தெரிந்துவிடும். உடனே புத்தகத்தை எதிரில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவேன். 2010-இல் அந்தப் பாதையை அகலமாக்குவதற்காக ரயிலை நிறுத்தும்வரை எத்தனை புத்தகங்களை அப்படிக் கொடுத்திருப்பேன்! ஒருவரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை.”

“கேட்க மாட்டார்கள். நீங்கள் கொடுத்த பிறகு அந்தப் புத்தகம் உங்கள் கையில் இல்லை. இது அப்படியா? கொடுத்தவரிடமும் இருக்கிறது, வாங்கியவரிடமும் இருக்கிறது, அவர் அனுப்பிய நாற்பது பேரிடமும் இருக்கிறது. நான் விற்றது மட்டும் ஒன்று.”

“காகிதம் இல்லை, மை இல்லை, கட்டுக்கூலி இல்லை. காற்றில் வருகிற பொருளுக்கு என்ன விலை வைத்திருக்கிறீர்கள்?”

“தொண்ணூறு ரூபாய்.”

“காற்றுக்கா?”

“எழுதியவர் எட்டு மாதம் எழுதினார். பிழை திருத்தியவர் இரண்டு முறை திருத்தினார். அட்டைப்படம் வரைந்தவர் அந்தக் கிணற்றை மூன்று முறை மாற்றி வரைந்தார். இவர்களில் ஒருவரும் காற்றைக் குடித்து உயிர் வாழ்பவர் அல்லர். பெரிய இணையக் கடையில் விற்றால் சாதாரணமாக 35 விழுக்காடுதான் எங்களுக்கு வரும். இந்திய விற்பனையில் 70 விழுக்காடு வேண்டுமென்றால் அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது என்பார்கள். நீங்கள் என்னிடமே வாங்கி, இதோ சுவரில் ஒட்டியிருக்கிற இந்தச் சதுரத்தை ஸ்கேன் செய்தால், தொண்ணூறும் இங்கே வந்துவிடும். அதில் பாதி எழுதியவருக்குப் போகும்.”

“அப்படியானால் மாணிக்கத்துக்கு எவ்வளவு போகும்?”

“மாணிக்கத்துக்கு ஒன்றும் போகாது, அண்ணாச்சி. மாணிக்கம் வாங்கியவர்.”

“ஒன்றுமே கிடைக்காமலா 212 பக்கங்களிலும் நிற்கிறார்?”

(பெண்மணி எழுந்து, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து அமர்ந்தார்.)

“உங்களுக்கு ஓர் உண்மையைச் சொல்கிறேன். மாணிக்கத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டு இந்த வாரம் வந்தவர்களில் நீங்கள் நான்காவது ஆள். நானே மாணிக்கத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். தாம் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பியதாகவும், அவர் மிகவும் நம்பிக்கையான மைத்துனர் என்றும் சொன்னார். கொலையாளி யார் என்று கண்டுபிடிக்க இரவெல்லாம் கண்விழிக்கிறீர்கள். கையில் இருப்பது திருட்டுப் பிரதி என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தும் உங்களில் ஒருவருக்குக்கூடத் துப்புக் கிடைக்கவில்லையே!”

(அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பேசாமல் நின்றால் தம்மீதும் சந்தேகம் விழும் என்று நினைத்தாரோ என்னவோ, உடனே பேச்சை மாற்றினார்.)

“எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது. வாசிக்க வாசிக்கக் கண் எரிகிறது. இதையும் குறையாக எழுதிக்கொள்ளுங்கள்.”

“உங்களுக்கு வந்திருப்பது பிடிஎஃப், அதில் பக்கம் அச்சடித்தது போல அப்படியே நிற்கும், கைப்பேசியில் விரலால் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். எங்களிடம் வாங்கினால் இ-பப் கோப்பும் சேர்த்துத் தருவோம். அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்குத் தகுந்தபடி தாமாகவே மடிந்துகொள்ளும். பக்கம் என்பது நிலையாக இருக்காது.”

“பக்கமே நிலையாக இல்லை என்றால் மாணிக்கம் எங்கே நிற்பார்?”

“ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் வாங்கியவர் பெயர் இருக்கும்.”

“பார்த்தீர்களா! அத்தியாயத்தின் முடிவில்தானே பிணம் விழுகிறது? ஆள் சரியாக அங்கேயே வந்துவிடுகிறார்.”

“அண்ணாச்சி, வாங்குகிறீர்களா, இல்லையா?”

“வாங்கி வைத்தால் நாளைக்கும் இருக்குமா? நீங்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டால்?”

“கோப்பு உங்கள் கைப்பேசியில் இருக்கும், நான் போனாலும் அது போகாது. 2009-இல் அமேசான் நிறுவனம், தான் விற்ற ஜார்ஜ் ஆர்வெலின் நூல்களை, அவற்றைத் தன் கடையில் ஏற்றியவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால், இரவில் தலைமாட்டில் வைத்துப் படுத்த புத்தகம் காலையில் இல்லை. எங்களால் அப்படி உங்கள் கைப்பேசிக்குள் கை விட முடியாது.”

“பூட்டிய அறை, காணாமல் போன பொருள், உடைபடாத தாழ்ப்பாள்! நல்ல கதையாக இருக்கிறதே, அதை நீங்கள் வெளியிடக் கூடாதா? அதில் மாணிக்கத்துக்குப் பேச நாலு வரி கொடுங்கள்.”

(வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணாச்சி ரோஷப்பட்டுக் கைப்பேசியை எடுத்தார். சுவரில் இருந்த சதுரத்தை இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை சரியாகப் பிடித்துத் தொண்ணூறு ரூபாயை அனுப்பினார். எதிரே ஒலிப்பெட்டி தொகையை உரக்க அறிவித்தது.)

“நன்றி, அண்ணாச்சி. பெயரைச் சொல்லுங்கள், பதித்துக் கொடுத்துவிடுகிறேன்.”

“எதற்குப் பெயர்?”

“பக்கத்தின் அடியில் போடுவதற்கு.”

“ஐயோ, என் பெயரைப் போடாதீர்கள்! இதை மருமகனுக்கு அனுப்பினால், நான்தான் கொலையாளி என்று அவர் நினைத்துவிட மாட்டாரா?”

“மருமகனுக்கு ஏன் அனுப்பப் போகிறீர்கள்?”

“அவருக்கும் எழுத்துப் பொடியாகத்தானே இருக்கும், தங்கச்சி! ஒன்று செய்யுங்கள்: மாணிக்கத்தின் பெயரையே இதிலும் போட்டுவிடுங்கள். எல்லோருக்கும் பழகிவிட்ட ஆள்.”