கர்ட் கோபேன் இறந்த பிறகு ஒட்டுப்போட்ட பாட்டா?

நிர்வானா என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 2002 தொகுப்பு ஆல்பத்தில் முதலில் வரும் 'யூ நோ யூ ஆர் ரைட்' பாட்டை, குழுவின் பாடகர் கர்ட் கோபேன் வீட்டில் பாடி வைத்த டேப்பை எடுத்து, அவர் இறந்த பிறகு மற்றவர்கள் வாசித்து ஒட்டியது என்று பகிர்கிறார்கள். இது தவறு.

1994 ஜனவரி இறுதியில், சியாட்டில் பக்கம் ராபர்ட் லாங் ஸ்டூடியோவில் கோபேன், டேவ் குரோல், கிறிஸ்ட் நோவோசெலிக் என குழுவின் மூவரும் சேர்ந்து பதிவு செய்த பாட்டு அது. முதல் இரண்டு நாள் கோபேன் வரவில்லை. மூன்றாம் நாள், ஜனவரி 30-ல், வந்து வாசித்துப் பாடினார். அதற்கு முன்பே, 1993 அக்டோபரில், சிகாகோ மேடையில் இதை வாசித்திருக்கிறார்கள். 1994 ஏப்ரலில் கோபேன் இறந்தார்.

அப்புறம் ஏன் எட்டு வருடத் தாமதம்? கோபேனின் மனைவி கோர்ட்னி லவ் ஒரு பக்கம், டேவ் குரோல், கிறிஸ்ட் நோவோசெலிக் மறு பக்கம் என்று வழக்கு நடந்தது. 2002-ல் சமரசம் ஆனதும் பாட்டு வெளிவந்தது. அந்தக் குரலின் தளர்வும் கதறலும் மூவரும் ஒன்றாக இருந்த அறையில் பிறந்தவை.