ஆமாம், பைக்கில்தான் ஜிஎச்சுக்குப் போவோம்

அந்த வீடியோவை இதுவரை ஒன்பது பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். இனி யாரும் அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். ஜிஎச் (அரசு ஆஸ்பத்திரி) வாசலில் நிற்கும் பைக்குகளைக் காட்டி, ஓபி சீட்டுக்கு நிற்பவர்கள் கையிலிருக்கும் போனைக் காட்டி, "இவங்களுக்கெல்லாம் ஓசி வைத்தியம் கேக்குதா" என்று சிரிக்கிறார் அந்த அண்ணன். கீழே சிரிப்பு எமோஜி போட்டவர்களில் நாலு பேர் என்னோடு காலேஜில் படித்தவர்கள்.

சரி, அந்த பைக்கிலிருந்தே வருவோம். வாங்கும்போது 28 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில்தான் அது 18 ஆனது. போனுக்கு 18. ரீசார்ஜ் செய்கிற ஒவ்வொரு தடவையும் 18. பெட்ரோல் வரி தனி. நீங்கள் காட்டிச் சிரித்த இரண்டு பொருளுமே நாங்கள் வரி கட்டியதற்கு ரசீது. அப்புறம் எங்கிருந்து வந்தது ஓசி?

எனக்கு இந்தச் சொல்தான் ஆகாது. காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர் நாமக்கல் மாவட்டத்தில் பள்ளிபாளையம் பக்கம். அப்பா தறி ஓட்டினார். அவர் வயது ஆட்கள் ஜிஎச் என்று சொல்ல மாட்டார்கள், தர்மாஸ்பத்திரி என்பார்கள். 2013-ல் ராத்திரி ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 108-க்கு போன் போடப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு, "தர்மாஸ்பத்திரி வேண்டாஞ் சாமி, நாலு பேரு கேவலமாப் பேசுவாங்க" என்கிறார். மூச்சு வாங்குகிறது, அப்போதும் அவருக்கு நாலு பேர் கவலை.

தனியாருக்குக் கொண்டுபோனோம். 20,000 கட்டினால்தான் மாடிக்கு ஏற்றுவோம் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் கையில் வாங்கக்கூட இல்லை, "இது இங்க எடுக்க மாட்டோம் சார்." ஆறு நாளில் பில் 1,85,000. அம்மாவின் தாலிக்கொடி 70,000-க்குப் போனது. முதலாளியிடம் பாக்கி 60,000. மீதி வட்டிக்கு.

பாக்கி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தறி முதலாளி கொடுக்கும் முன்பணம். அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது, கூலி ஏற்றிக் கேட்கவும் வாய் வராது. வாராவாரம் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். தறி ஓடினால்தான் கூலி என்பதால், அப்பா படுத்திருந்த ஐந்து வாரத்துக்கு ஒரு பைசா வரவில்லை. ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, இல்லையா என்று கேட்பீர்கள். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உண்டு என்று இப்போது சட்டம் இருக்கிறது. அப்பா வேலை பார்த்த பட்டறையில் பதிவேடே கிடையாது.

நான் பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றேன். எமோஜி போட்ட நாலு பேரும் முடித்தார்கள். நல்லா இருங்கப்பா.

ஓசி, தர்மம் என்கிற பேச்சுக்கு எங்கள் வீடு கொடுத்த விலை 1,85,000, வட்டி சேர்க்காமல். 2025-ல் எங்கள் பக்கத்தில் கடனுக்காகக் கிட்னி விற்றவர்கள் செய்தியில் வந்தபோது "ஐயோ பாவம்" என்று பகிர்ந்தவர்களும் நீங்கள்தானே?

"அப்போ ஜிஎச் என்ன சொர்க்கமா?" இல்லை. ஸ்ட்ரெச்சர் தள்ள 100 ரூபாய் கேட்டார்கள், சண்டை போட்டுவிட்டு நானே கொடுத்தேன். கக்கூஸைப் பற்றி எழுதினால் உங்களுக்குச் சோறு இறங்காது. அதையெல்லாம் வீடியோ எடுங்கள், முதல் ஆளாக நான் பகிர்கிறேன். 2022-ல் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் அங்கேதான் நடந்தது. ஒன்பது நாள் இருந்தோம். ஆட்டோ, டீ, கஞ்சி, அந்த 100 ரூபாய் எல்லாம் சேர்த்து 2,000 தாண்டவில்லை. பிரஷர் மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. தனியார் டாக்டர்களும் பிழைக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிழைக்கட்டும் சார், யார் வேண்டாம் என்றது.

இன்பாக்ஸில் மச்சான் ஒருவர், "போன மாசம் உம்புள்ளைய மட்டும் எங்க காட்டுன?" என்று கேட்டிருக்கிறார். தனியாரில்தான் காட்டினேன். சாயங்காலம் ஏழு மணி, நல்ல காய்ச்சல், ஓபி காலையோடு முடிந்துவிட்டது. மறுநாள் போனால் ஒரு ஷிப்ட் கூலி போகும். இப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவசரப் பிரிவு ராத்திரியெல்லாம் திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மாமனார் வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் பிள்ளையை ஜிஎச்சுக்குத் தூக்கிக்கொண்டு போக எனக்கு வாய் வரவில்லை. 2,300 ரூபாய். திரும்பி வரும்போது அப்பா ஞாபகம் வந்தது. பாக்கியை 2017-ல் முடித்தார், 2019-ல் போய்விட்டார்.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மச்சான் கேட்டுவிட்டார், எழுதிவிட்டேன்.

வரும் செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க ஜிஎச் போகிறோம். பைக்கில்தான். போனும் கையில் இருக்கும். வீடியோ எடுக்கிற அண்ணன் வருவதானால் ஏழரைக்கே வந்துவிடவும், லேட் ஆனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.